பத்து மணிக்கு ஏன் நிற்கிறது?

காலை 9.50க்கு ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்த ரயில் டிக்கெட் தளம் 10 மணி ஆனதும் ஏன் அப்படியே நின்றுவிடுகிறது? கடைசி நேர முன்பதிவான தட்கலில் இடம் பிடிக்கப் பார்த்த யாருக்கும் இந்த அனுபவத்தை விளக்க வேண்டியதில்லை. திரையில் வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். திரும்பத் திரும்ப அழுத்துவோம். திடீரென்று உயிர் வந்து எல்லாம் நடக்கும். அதற்குள் டிக்கெட் போயிருக்கும். ஏசி வகுப்புகளுக்கு 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி என்று 2015இல் நேரத்தைப் பிரித்தார்கள். நெருக்கடி இரண்டாகப் பிரிந்ததே தவிர மறையவில்லை.

கூட்டம் அதிகம், அதனால்தான் என்று சொல்லிவிடலாம். அது பாதி பதில். ஆள் இரண்டு மடங்கானால் வேகம் பாதியாகக் குறையலாம், அது புரிகிறது. முழுதாக நின்றுபோவது ஏன்? அதைவிடப் புதிரான ஒன்றும் உண்டு. இப்படித் திணறும் சர்வருக்கு நினைவகத்தைக் கூட்டிக் கொடுத்தால் சில சமயம் சிக்கல் தீர்கிறது. சில சமயம் நிற்கும் நேரம் முன்னைவிட நீளமாகிறது. கூடுதலாக இடம் கொடுத்த பிறகும் ஒரு கணினி மோசமாவது எப்படி?

இதைப் புரிந்துகொள்ளத் திருவனந்தபுரத்தில் பழவங்காடி வரை போகலாம். கிழக்குக் கோட்டைக்கு அருகில், சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில் இருக்கிறது கணபதி கோயில். திருவிதாங்கூர்ப் படையின் நாயர் வீரர்கள் பத்மநாபபுரத்தில் வழிபட்டு வந்த கணபதி, படையோடு திருவனந்தபுரத்துக்கு வந்தவர். இன்றும் கோயிலை நிர்வகிப்பது இந்திய ராணுவம்தான். இங்கே முக்கிய வழிபாடு தேங்காய் உடைப்பது. நாகர்கோவில் பக்கத்து ஆட்கள் விடலை போடுவது என்பார்கள். நினைத்த காரியம் நடக்கவும், நடந்த காரியத்துக்கு நன்றியாகவும், ஒன்று முதல் நூற்றெட்டு வரை காய்கள் கல்லில் மோதிச் சிதறுகின்றன.

சிதறுகிற இடத்துக்கு ஓர் அளவு உண்டு. ஒவ்வொரு காயும் உடைந்த கணமே அதன் வேலை முடிந்தது. ஆனால் சில்லு அங்கேயே கிடக்கிறது. அள்ளாமல் விட்டால் அடுத்த காய் விழ இடமில்லை. ஒவ்வொரு காய்க்கும் ஒரு முறை அள்ளினால் அள்ளுவதிலேயே நாள் போய்விடும். இடம் நிறைகிற வரை விட்டு அள்ளினால் அத்தனை நேரம் வரிசை நிற்க வேண்டும். உடைப்பவர்கள் உடைத்துக்கொண்டிருக்கும்போதே அள்ளலாம். அதற்குத் தனி ஆளும் தனிக் கவனமும் தேவை. எப்போது அள்ளுவது, எவ்வளவு இடம் விடுவது, வரிசையை நிறுத்துவதா வேண்டாமா: ஜாவா மொழியில் எழுதப்பட்ட ஒவ்வொரு சர்வரும் நொடிக்கு நொடி எதிர்கொள்ளும் மூன்று கேள்விகளும் இவைதான்.

1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஜாவா, கணினியில் நேரடியாக ஓடுவதில்லை. நடுவில் ஜாவா மெய்நிகர் பொறி என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. துறையில் ஜேவிஎம் என்பார்கள். நிரலை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றுவது அதன் ஒரு வேலை. நினைவகத்தைக் கவனித்துக்கொள்வது இன்னொரு வேலை. திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்கு மெயிலில் இடம் இருக்கிறதா என்று நீங்கள் கேட்டால், சர்வர் அந்தக் கேள்விக்காகச் சிறு சிறு தரவுத் துண்டுகளை உருவாக்குகிறது. வண்டி எண் ஒன்று, தேதி ஒன்று, உங்கள் பெயர், பட்டியலின் ஒரு நகல், பதிலின் எழுத்துகள். இவற்றைப் பொருள்கள் என்போம். இவை வாழும் நினைவகப் பகுதிக்கு ஹீப் என்று பெயர். பதில் உங்கள் திரைக்கு வந்ததும் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேலை இல்லை. ஆனால் யாரும் அவற்றை அழிப்பதில்லை. நிரல் எழுதியவர் உருவாக்கும் கட்டளையை மட்டும் எழுதுகிறார். அப்புறப்படுத்துவது ஜேவிஎம்மின் பொறுப்பு. அந்த வேலையைச் செய்யும் பகுதிக்குக் குப்பை சேகரிப்பான், சுருக்கமாக ஜிசி.

இந்த ஏற்பாடு ஜாவாவைவிட மிகப் பழையது. 1959 வாக்கில் எம்ஐடியில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியை ஐபிஎம் 704 கணினிக்காக வடிவமைத்தபோதே இதைச் சேர்த்துவிட்டார். அவர் பின்னாளில் எழுதிய ஒரு நினைவு எனக்குப் பிடித்தமானது. தொழில்துறை விருந்தினர்கள் முன்னால் லிஸ்ப்பை நேரடியாக இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நினைவகம் நிறைந்துவிட்டது. உடனே தட்டச்சு எந்திரம், நொடிக்குப் பத்து எழுத்து வேகத்தில், குப்பை சேகரிப்பான் அழைக்கப்பட்டிருக்கிறது என்றும் அதன் புள்ளிவிவரங்கள் இவை என்றும் நிதானமாக அடிக்கத் தொடங்கியது. அதைப் பற்றி விருந்தினர்களுக்கு முன்பே யாரும் சொல்லியிருக்கவில்லை; யாரோ குறும்பு செய்துவிட்டார்கள் என்று நினைத்துச் சிரித்தார்களாம். கூட்டத்துக்கு முன்னால் ஒரு கணினி நின்றுபோன அந்தக் காட்சியும் பத்து மணித் தட்கலும் ஒரே காரணத்தின் இரு நிகழ்ச்சிகள்.

எது குப்பை என்று எந்திரத்துக்கு எப்படித் தெரியும்? ஒரு பொருள் இனி தேவைப்படுமா என்று அதனால் ஊகிக்க முடியாது. அது செய்வது வேறு. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வேலைகள் எந்தெந்தப் பொருள்களைக் கையில் பிடித்திருக்கின்றன என்று பார்க்கிறது. அந்தப் பொருள்கள் எவற்றைச் சுட்டுகின்றன, அவை எவற்றைச் சுட்டுகின்றன என்று சங்கிலியைப் பின்தொடர்ந்து போய் ஒவ்வொன்றிலும் குறியிடுகிறது. எட்ட முடிந்ததெல்லாம் உயிருள்ளது. எந்த வழியிலும் எட்ட முடியாதது குப்பை. எந்த நிரல் வரியாலும் இனி அதைத் தொட முடியாது என்பது உறுதி.

இங்கேதான் கோயில் முற்றத்துக்கும் ஹீப்புக்கும் உள்ள ஒப்புமை முறிகிறது. முறிகிற இடம்தான் முக்கியமானது. முற்றத்தில் அள்ளுபவர் சில்லுகளைத் தொட்டு எடுக்கிறார். சில்லு அதிகமானால் வேலை அதிகம். ஜேவிஎம்மில் பரவலாகப் பயன்படும் நகலெடுக்கும் முறையில் குப்பையை யாரும் தொடுவதே இல்லை. உயிருள்ள பொருள்களை மட்டும் தேடிப் பிடித்து வேறோர் இடத்துக்கு நகல் எடுத்து வரிசையாக அடுக்குகிறது. பிறகு பழைய இடம் முழுவதையும் காலி என்று அறிவித்துவிடுகிறது. அங்கே ஆயிரம் செத்த பொருள் கிடந்தாலும் பத்து லட்சம் கிடந்தாலும் செலவு ஒன்றுதான். ஆக ஜிசிக்கு ஆகும் நேரத்தைத் தீர்மானிப்பது குப்பையின் அளவல்ல, உயிரோடு இருப்பவற்றின் அளவு. நினைவக அமைப்புகளைச் சீர்செய்வது பற்றி நான் சொல்ல விரும்பும் அனைத்தும் இந்த ஒரு வரியிலிருந்து கிளைப்பவை.

அப்படியானால் அள்ளும் நேரத்தில் உயிரோடு இருப்பவை குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். இதற்கு இயற்கையே உதவுகிறது. 1980களில் நிரல்களின் பொருள்கள் எவ்வளவு காலம் வாழ்கின்றன என்று அளந்து பார்த்தபோது தெளிவான ஒரு வடிவம் தெரிந்தது: பெரும்பாலானவை பிறந்த சற்று நேரத்திலேயே செத்துவிடுகின்றன, அந்த இளமையைத் தாண்டியவை நெடுநாள் இருக்கின்றன. 1983இல் ஹென்றி லீபர்மேனும் கார்ல் ஹியூவிட்டும் வாழ்நாளை வைத்து நினைவகத்தைப் பிரிக்கும் யோசனையை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு பெர்க்லியில் டேவிட் உங்கர் அதை ஸ்மால்டாக் மொழியில் செய்து காட்டி, மையச் செயலியின் நேரத்தில் 2 சதவீதத்துக்கும் குறைவாகவே செலவாவதாக அறிவித்தார். அதற்கு அடுத்த நல்ல முறைக்கு ஆன செலவில் இது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இன்றைய ஜேவிஎம் அந்தப் பிரிவினையை அப்படியே வைத்திருக்கிறது. ஹீப்பில் இளம் தலைமுறை, முதிய தலைமுறை என இரு பகுதிகள். புதுப் பொருள்கள் இளம் பகுதியில் ஈடன் என்ற வெளியில் பிறக்கின்றன. ஈடன் நிறைந்ததும் ஒரு சின்ன அள்ளல். அப்போது உயிரோடு இருக்கும் சிலவற்றைப் பக்கத்தில் உள்ள சிறு இடத்துக்கு, தப்பியவர் வெளி என்று வைத்துக்கொள்வோம், நகர்த்துகிறது. பல அள்ளல்களைத் தாண்டியவை முதிய பகுதிக்கு உயர்த்தப்படுகின்றன. வயதைக் குறிக்க 4 பிட் மட்டுமே ஒதுக்கியிருப்பதால் அதிகபட்ச வயது 15. ரயில்களின் கால அட்டவணை போல நாள் முழுக்கத் தேவைப்படுபவை முதிய பகுதியில் நிம்மதியாக இருக்கலாம். சின்ன அள்ளல் சில மில்லிநொடிகளில் முடியும், யாருக்கும் தெரியாது. முதிய பகுதி நிறைந்தால் மட்டும்தான் பெரிய அள்ளல். பழைய சேகரிப்பான்களில் அப்போது உலகமே நிற்கும். அத்தனை வேலைகளும் பாதியில் உறையும்.

இனி பத்து மணிக்குப் போகலாம். கையால் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். எண்கள் விளக்கத்துக்கானவை, விகிதங்கள் மட்டும் ஜேவிஎம்மின் வழக்கமான இயல்பு அமைப்புகள். 3 ஜிபி ஹீப். முதியது, இளையது 2க்கு 1 என்பதால் இளம் பகுதி 1 ஜிபி. அதில் ஈடன் சுமார் 800 எம்பி, தப்பியவர் வெளிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 100 எம்பி. சர்வர் நொடிக்கு 500 எம்பி அளவுக்குப் புதுப் பொருள்களை உருவாக்குகிறது என்று வையுங்கள். ஈடன் நிறைய 1.6 நொடி ஆகும்.

9.50க்கு ஒவ்வொரு கோரிக்கையும் பத்தில் ஒரு நொடியில் முடிகிறது. ஈடன் நிறையும் கணத்தில் உயிரோடு இருப்பவை கடைசி பத்தில் ஒரு நொடியில் பிறந்தவை மட்டும்: 50 எம்பி. தப்பியவர் வெளியில் தாராளமாக இடம் இருக்கிறது. அடுத்த முறைக்குள் அவையும் செத்துவிடும். முதிய பகுதிக்கு எதுவும் போவதில்லை. இப்படியே நாள் முழுக்க ஓடலாம்.

10 மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். பின்னால் உள்ள தரவுத்தளம் தாமதிக்கிறது. ஒரு கோரிக்கை முடிய 1 நொடி ஆகிறது. பொருள்கள் உருவாகும் வேகம் கூடவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், ஈடன் நிறையும் கணத்தில் 500 எம்பி உயிரோடு இருக்கிறது, ஏனென்றால் அந்தக் கோரிக்கைகள் இன்னும் பதிலுக்காகக் காத்திருக்கின்றன. தப்பியவர் வெளி 100 எம்பிதான். மீதி 400 எம்பி நேராக முதிய பகுதிக்குத் தள்ளப்படுகிறது. அகால உயர்வு என்று இதைச் சொல்லலாம். ஒரு நொடியில் சாக வேண்டியவை நெடுங்காலம் வாழ்பவற்றோடு போய்க் குடியேறிவிட்டன. அங்கே போய்ச் செத்தாலும் சின்ன அள்ளல் அவற்றைத் தொடாது. முதிய பகுதியின் 2 ஜிபியில் 1 ஜிபி ஏற்கெனவே அட்டவணை முதலியவற்றால் நிறைந்திருந்தால், மீதி இடம் மூன்றாவது அள்ளலுக்குள் தீர்ந்துவிடும். அதாவது சுமார் 5 நொடியில். பிறகு பெரிய அள்ளல்; எல்லாம் நிற்கிறது. நின்ற நேரத்தில் மக்கள் மறுபடி மறுபடி அழுத்துகிறார்கள்; சர்வர் கண்விழிக்கும்போது வரிசை இன்னும் நீளம், ஒவ்வொரு கோரிக்கையும் இன்னும் தாமதம், உயிரோடு இருப்பவை இன்னும் அதிகம்.

முழுதாக நிற்பது ஏன் என்ற முதல் கேள்விக்கு விடை இது. சுமை ஓர் எல்லையைத் தாண்டும்போது, பொருள்கள் இளமையில் சாகும் என்ற அனுமானமே உடைந்துபோகிறது. எந்த இந்தியத் தளத்திலும் ஒரு குறிப்பிட்ட நாளில் இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. இந்த வகை சேகரிப்பான் கொண்ட எந்தச் சர்வரும் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

நினைவகத்தைக் கூட்டினால்? இதை நேர்மையாகச் சோதித்தவர்கள் மாத்யூ ஹெர்ட்ஸும் எமரி பெர்கரும். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2005இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கடினமான ஒப்பீட்டைச் செய்தார்கள்: ஒரே ஜாவா நிரல், ஒரு முறை ஜிசியோடு, இன்னொரு முறை, ஒவ்வொரு பொருளும் எந்தக் கணத்தில் தேவையற்றதாகிறது என்று முன்பே கண்டறிந்து அந்தக் கணத்தில் கையால் விடுவித்ததுபோல. கையால் விடுவிப்பதற்குத் தேவையான நினைவகத்தைப் போல 5 மடங்கு கொடுத்தால் ஜிசி அதே வேகத்தில் ஓடியது. 3 மடங்கு கொடுத்தால் சராசரியாக 17 சதவீதம் மெதுவானது. 2 மடங்கில் கிட்டத்தட்ட 70 சதவீதம். இடம் குறையக் குறைய அள்ளல்கள் நெருங்குகின்றன, நடுவில் பொருள்கள் சாக அவகாசம் இல்லாமல் போகிறது. நினைவகம் நேரமாக மாறும் கணக்கு இது. இவ்வளவு துல்லியமாக அதற்கு முன் யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

சார்லி ஹன்ட், பினு ஜான் இருவரும் 2011இல் எழுதிய ஜாவா செயல்திறன் நூலும் அதே திசையில் ஒரு நடைமுறை விதியைத் தருகிறது: ஹீப்பின் அளவு, உயிருள்ள தரவின் அளவைப் போல 3 முதல் 4 மடங்கு. சர்வரில் எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்காமல் நிரல் எவ்வளவைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவதால் இந்த விதி எனக்கு நம்பகமாகப் படுகிறது. ஆனால் ஒன்றும் சொல்லாமல் விட்டால் ஜேவிஎம் செய்வது முன்னதைத்தான். கணினியின் நினைவகத்தில் கால்பங்கை ஹீப்பின் உச்ச வரம்பாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் நிரலுக்கு அது மிகையாகவும் இருக்கலாம், போதாமலும் இருக்கலாம்.

உயிருள்ள தரவு எவ்வளவு என்று எப்படி அறிவது? ஜேவிஎம் தன் ஒவ்வோர் அள்ளலையும் ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கும், கேட்டால் போதும். எத்தனை மணிக்கு, முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, எத்தனை மில்லிநொடி நின்றது. இதை வரைபடமாக இட்டால் ஹீப்பின் அளவு ஏறி ஏறி, அள்ளலின்போது செங்குத்தாக இறங்கி, மறுபடி ஏறும். நிர்வாகிகள் பெரும்பாலும் உச்சியைப் பார்த்துப் பதறுகிறார்கள், 90 சதவீதம் நிறைந்துவிட்டதே என்று. உச்சியில் பயப்பட ஒன்றுமில்லை. நிறைவதற்காகத்தான் இடம் கொடுத்திருக்கிறோம். பார்க்க வேண்டியது பள்ளத்தை. பெரிய அள்ளல் முடிந்த கணத்தில் மிச்சமிருப்பதுதான் உயிருள்ள தரவு. அது 1 ஜிபி என்றால் 3, 4 ஜிபியில் தொடங்கலாம். இந்தப் பதிவேட்டுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். உண்மையான சர்வர்களில் அதை அணைத்து வைத்திருப்பதற்கு ஒரு நல்ல காரணத்தை இதுவரை நான் கேட்டதில்லை.

சரி, 4 ஜிபி நல்லதென்றால் 40 ஜிபி இன்னும் நல்லதல்லவா? பல காரணங்களால் அப்படி இல்லை. பெரிய ஹீப்பில் பெரிய அள்ளல் அரிதாக வரும். அதற்குள் தற்காலிகச் சேமிப்புகளைத் தாராளமாக வளர விட்டிருந்தால் உயிருள்ளவை பெருகியிருக்கும். வரும்போது நீளமாக வரும். அரை நொடி வீதம் பத்து முறை நிற்பதா, பத்து நொடி ஒரே முறை நிற்பதா? இரவில் சம்பளப் பட்டியல் போடும் நிரலுக்கு இரண்டாவதைப் பற்றிக் கவலையில்லை. டிக்கெட் கவுண்டருக்கு அது பேரிடர்.

32 ஜிபியில் ஒரு படிக்கட்டும் இருக்கிறது. ஒரு பொருள் இன்னொன்றைச் சுட்டுவதற்கு முகவரி வேண்டும். 64 பிட் கணினியில் முகவரிக்கு 8 பைட். ஜேவிஎம் ஒரு சிக்கனம் செய்கிறது: பொருள்கள் எல்லாம் 8 பைட் எல்லைகளில்தான் தொடங்கும் என்பதால் முகவரியை எட்டால் வகுத்து 4 பைட்டில் எழுதிவிடுகிறது. 4 பைட்டில் எழுதக்கூடிய எண்கள் சுமார் 430 கோடி. அதை எட்டால் பெருக்கினால் 32 ஜிபி. அந்த எல்லை வரைதான் சிக்கனம் செல்லுபடியாகும். 31 ஜிபியை 33 ஆக்கினால் எல்லாச் சுட்டிகளும் ஒரே நேரத்தில் இரண்டு மடங்காகின்றன. பயனுள்ள இடம் கூடுவதற்குப் பதில் குறையும். எல்லையைத் தாண்டுவதென்றால் நன்றாகவே தாண்ட வேண்டும்.

இன்னொரு பக்கம் நினைவகத்தின் உண்மையான எல்லை. ஹீப் மட்டுமே ஜேவிஎம்மின் செலவு அல்ல. லினக்ஸில் நிரலுக்குள் இணையாக ஓடும் ஒவ்வொரு வேலைக்கும், அதாவது ஒவ்வோர் இழைக்கும், வழக்கமாக 1 எம்பி அடுக்கு ஒதுக்கப்படும். நிரலின் வகுப்பு விவரங்களுக்கு ஓர் இடம், மொழிபெயர்த்த எந்திரக் கட்டளைகளுக்கு ஓர் இடம். இப்போது சர்வர்கள் பெரும்பாலும் கன்டெய்னர்கள் எனும் தனித்தனி அடைப்புகளுக்குள் ஓடுகின்றன, ஒவ்வொன்றுக்கும் நினைவக வரம்பு உண்டு. 4 ஜிபி கன்டெய்னரில் 4 ஜிபி ஹீப் என்று எழுதினால், ஒரு நாள் இயக்க அமைப்பு எச்சரிக்கையின்றி அந்த நிரலைக் கொன்றுவிடும். ஜேவிஎம்மின் பதிவேட்டில் ஒரு வரிகூட இருக்காது. 2018இல் வந்த ஜாவா 10க்கு முன்னால் இது இன்னும் மோசம். கன்டெய்னரின் வரம்பு ஜேவிஎம்முக்குத் தெரியாது. 64 ஜிபி கணினியின் கால்பங்கான 16 ஜிபியைத் தனது என்று நினைத்துக்கொள்ளும். வரம்பு இல்லாத கணினியில் நினைவகம் தீர்ந்தால் ஹீப்பின் பக்கங்கள் வட்டுக்கு மாற்றப்படும். அதன் பிறகு ஒவ்வோர் அள்ளலும் வட்டைத் தேடி ஓடும். ஹெர்ட்ஸ், பெர்கர் சோதனையில் அப்போது ஜிசியின் வேகம் பத்து மடங்கு என்ற அளவில் சரிந்தது.

உயிருள்ள தரவை நினைவகத்தில் பெருமளவில் வைத்திருக்கும் அமைப்புக்கு இந்திய ரயில்வேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டைத் தருகிறது. 2014 ஜூலை ரயில்வே பட்ஜெட் உரையில், புதிய தலைமுறை மின்டிக்கெட் அமைப்பு நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்பதை 7,200 ஆக்கும், ஒரே நேரத்தில் 1,20,000 பேர் பயன்படுத்தலாம் என்று அறிவித்தார்கள். ரயில்வேயின் தகவல் அமைப்பு மையமான கிரிஸ் கட்டிய அந்த அமைப்பில் ஜெம்ஃபயர் என்ற மென்பொருள் இடம்பெற்றது. அடிக்கடி கேட்கப்படும் தரவைத் தரவுத்தளத்தின் வட்டில் தேடாமல் பல சர்வர்களின் நினைவகத்தில் பகிர்ந்து வைப்பது அதன் வேலை. ஜெம்ஃபயர் ஜாவாவில் எழுதப்பட்டது. 2015இல் அதன் மையப்பகுதி அப்பாச்சி ஜியோட் என்ற பெயரில் திறந்த மூலமானது.

இப்படிப்பட்ட அமைப்பில் ஜிசி நிறுத்தம் ஒரு புது ஆபத்தாக மாறுகிறது. சர்வர்கள் ஒன்றையொன்று உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஜியோடின் இயல்பு அமைப்பில் 5 நொடி பதில் வராத சர்வர் சந்தேகத்துக்கு உள்ளாகும். மேலும் பதில் இல்லையென்றால் கூட்டத்திலிருந்து நீக்கப்படும். நீண்ட அள்ளலில் நின்றிருக்கும் சர்வர் சாகவில்லை, ஆனால் மற்றவர்களுக்கு அந்த வேறுபாடு தெரிய வழியில்லை. அதன் பங்குத் தரவை மற்றவை ஏற்கின்றன. அவற்றின் ஹீப்பில் உயிருள்ளவை கூடுகின்றன. அவையும் நீண்ட அள்ளலை நோக்கிப் போகின்றன. அதனால்தான் அதன் கையேடு தொடக்க ஹீப் அளவையும் உச்ச அளவையும் ஒன்றாகவே வைக்கச் சொல்கிறது. ஹீப் ஒரு வரம்பைத் தாண்டினால் பழைய தரவை வெளியேற்றவும், இன்னொரு வரம்பைத் தாண்டினால் புதுத் தரவை மறுக்கவும் வசதி தருகிறது. சில கோரிக்கைகளுக்கு இல்லை என்று சொல்வது எல்லாக் கோரிக்கைகளும் உறைவதைவிட நல்லது. இதை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

வரிசையை நிறுத்தாமலே அள்ள முடியாதா? கடந்த இருபது ஆண்டு ஆய்வின் பெரும்பகுதி இதில்தான் போயிருக்கிறது. 2017இல் ஜாவா 9இலிருந்து இயல்பாக வரும் ஜி1 சேகரிப்பான் ஹீப்பைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து, குப்பை அதிகமுள்ள வட்டாரங்களை முதலில் எடுத்துக்கொள்கிறது. உயிருள்ளவற்றைக் குறியிடும் வேலையை நிரல் ஓடும்போதே செய்கிறது. ஒரு நிறுத்தம் 200 மில்லிநொடியைத் தாண்டாமல் பார்ப்பது அதன் இயல்பு இலக்கு. இளம் பகுதியின் அளவை அதுவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். இங்கே ஓர் எச்சரிக்கை. இலக்கை 20 என்று மாற்றினால் எல்லாம் பத்து மடங்கு வேகமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஜி1 அந்த ஆசையை நிறைவேற்ற இளம் பகுதியைச் சுருக்கும், அள்ளல்கள் நெருங்கும், பொருள்கள் சாக அவகாசமின்றி முதிய பகுதிக்கு ஏறும். நம் பத்து மணிக் கணக்கு பின்வாசல் வழியாக வந்துவிடும்.

2020இல் ஜாவா 15இல் முழுப் பயன்பாட்டுக்கு வந்த இசட்ஜிசி பொருள்களை இடம் மாற்றுவதைக்கூட நிரல் ஓடும்போதே செய்கிறது. நிரல் ஒரு சுட்டியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் சிறு சரிபார்ப்பு: இந்தப் பொருள் இடம் மாறிவிட்டதா? மாறியிருந்தால் புது இடத்துக்குத் திருப்பிவிடும். நிறுத்தங்கள் 1 மில்லிநொடிக்கும் கீழே வந்துவிட்டன, ஹீப் எவ்வளவு பெரிதானாலும். அந்தச் சரிபார்ப்புகளுக்கும் கூடவே ஓடும் அள்ளலுக்கும் செயலி நேரம் போகிறது. அள்ளுவதைவிட வேகமாகப் பொருள்கள் பிறந்தால் நிரல் காத்திருக்கத்தான் வேண்டும். பாய்ந்து வேலை முடிப்பது, நிற்காமல் பதில் சொல்வது, குறைந்த நினைவகத்தில் ஓடுவது ஆகிய மூன்றும் ஒன்றாகக் கிடைப்பதில்லை. எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்தவருக்குத்தான் அமைப்புகள் உதவும்.

மாற்றிய அமைப்பு உதவியதா என்று எப்படி அறிவது? இதில் ஒரு நுட்பமான பொறி இருக்கிறது. அதை விளக்கிச் சொன்னவர் அசூல் நிறுவனத்தின் கில் டேனே. வழக்கமான சோதனை நிரல் ஒரு கோரிக்கையை அனுப்பும், பதில் வந்ததும் அடுத்ததை அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் 10 மில்லிநொடி என்று வையுங்கள். 100 நொடிச் சோதனையில் சர்வர் ஒரு முறை 10 நொடி நின்றுவிட்டது. மீதி 90 நொடியில் 9,000 நல்ல பதில்கள். நின்ற நேரத்தில் ஒரே ஒரு கெட்ட பதில், ஏனென்றால் சோதனை நிரலும் அதற்காகக் காத்திருந்தது. 99.9 சதவீதத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் 10 மில்லிநொடியில் முடிந்தன என்று அறிக்கை வரும். உண்மையில் பத்தில் ஒரு பங்கு நேரம் எல்லாமே உறைந்திருந்தது. தட்கல் எடுப்பவர்கள் முன்னால் இருப்பவருக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்து அழுத்துவதில்லை. சர்வர் நின்றாலும் நிற்காவிட்டாலும் கடிகாரப்படி கோரிக்கைகளை அனுப்பி, அனுப்பியிருக்க வேண்டிய நேரத்திலிருந்து தாமதத்தை அளக்கும் சோதனைதான் நம்பத் தகுந்தது. ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றி, அதே சுமையைக் கொடுத்து, சராசரியை ஒதுக்கிவிட்டு மிக மோசமான சில பதில்களைப் பார்க்க வேண்டும்.

எந்த அமைப்பாலும் சரியாகாத நிலை ஒன்றும் உண்டு. பதிவேட்டின் வரைபடத்தில் பள்ளங்களே நாளுக்கு நாள் மேலேறிக்கொண்டிருந்தால், நிரல் தனக்குத் தேவையில்லாத பொருள்களை எங்கோ பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். பயணி வெளியேறிய பிறகும் பட்டியலிலிருந்து நீக்கப்படாத பதிவு, ஒருபோதும் காலியாகாத தற்காலிகச் சேமிப்பு. எட்ட முடிவதால் ஜிசியின் கண்ணில் அவை உயிருள்ளவை. ஹீப்பைக் கூட்டினால் நிற்கும் நாள் தள்ளிப்போகும். சேகரிப்பானை மாற்றினால் வேறு மாதிரி நிற்கும். அப்போது ஹீப் முழுவதையும் ஒரு கோப்பாக இறக்கி, எக்லிப்ஸ் மெமரி அனலைசர் போன்ற கருவியில் திறந்து, எந்தப் பொருள் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது, அதை யார் சுட்டுகிறார்கள் என்று மேல்நோக்கிப் போக வேண்டும். பல நேரம் அந்தச் சங்கிலி ஒரே ஒரு பட்டியலில் போய் முடியும். மாற்ற வேண்டியது அந்தப் பட்டியலில் சேர்க்கும் வரிக்கு இணையாக நீக்கும் வரி ஒன்று.